வேரைக் கேட்டு வனைவோம்



மாடித்தோட்ட நண்பர்களே, இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் 'கைவனைக் கலங்களும் உயிர்ச்செடிகளும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அவ்வளவு கம்பீரமில்லை. பூவைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள். வேரைப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் வாங்கவே வாங்காதீர்கள். வேரைக் கேட்டு உங்கள் கையாலேயே வனைந்துகொள்ளுங்கள். செய்தி இவ்வளவுதான். இனி நான் பேசப்போவதெல்லாம் இதற்கு உரை.

நர்சரிக்குப் போகிறோம். செடி வாங்குகிறோம். பக்கத்திலேயே தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதைப் பார்க்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம். விளிம்பில் ஓடும் கொடியைப் பார்க்கிறோம். வாசல் திண்ணைக்குப் பொருந்துமா என்று பார்க்கிறோம். பேரம் பேசி, ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம். வேரை யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் செடி வாடும்போது, 'எனக்குச் செடி ராசி இல்லை' என்று கையை நொந்துகொள்கிறோம். கையில் ராசி இருக்கிறது, நண்பர்களே. கோளாறு தொட்டியில்.

வேருக்கு என்ன வேண்டும்? தண்ணீர் வேண்டும், அதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதே அளவுக்குக் காற்றும் வேண்டும். அதைப் பெரியவர்களே மறந்துவிடுகிறோம். வேர் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் நிறைந்து நின்றுவிட்டால் காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாத வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் இலை வாடும். இலை வாடியதைப் பார்த்து நாம் என்ன செய்வோம்? இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவோம்!

தொட்டிக்குள் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அதற்காகத்தான் இந்த ஸ்பாஞ்சை எடுத்து வந்தேன். பாத்திரம் தேய்ப்பதற்கு வாங்கிய புது ஸ்பாஞ்ச்தான். இதைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துவிட்டேன். இப்போது தட்டையாகப் படுக்கவைத்துப் பிடிக்கிறேன், பாருங்கள். சொட்டுகிறது, சொட்டுகிறது, நின்றுவிட்டது. இனி ஒரு சொட்டும் விழாது என்றுதானே நினைக்கிறீர்கள்? நான் பிழியப் போவதில்லை. அப்படியே நீளவாக்கில் தூக்கி நிறுத்துகிறேன். பின்வரிசைக்கும் தெரிகிறதா? மறுபடி ஒழுகுகிறது! அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர். நின்ற வாக்கு மட்டும்தான் மாறியது.

தொட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. ஓட்டை வழியாக வடிய வேண்டியது வடிந்த பிறகும், அடியில் கொஞ்ச உயரத்துக்கு மண் சொதசொதவென்று ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த உயரம் மண் துகள்களின் பருமனைப் பொறுத்தது. தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது அல்ல. ஒரு மண் கலவையில் அந்த ஈர அடுக்கு 4 செ.மீ. நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 செ.மீ. ஆழமுள்ள தட்டுத்தொட்டியில் பாதி மண் ஈரச்சேறு. 30 செ.மீ. உயரமுள்ள நெடுந்தொட்டியில் அது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. தட்டைத் தொட்டி சீக்கிரம் காயும் என்று நாம் நினைக்கிறோம். வெயிலில் காய்வது பிறகு நடக்கும் கதை. ஊற்றி முடித்த அந்த நேரத்தில் வேரை மூழ்கடிப்பது தட்டைத் தொட்டிதான்.

அடியில் செங்கல் சல்லி போட்டால் நன்றாக வடியும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம் அல்லவா? அது பலிக்காது. மேலே உள்ள நுண்மண் தன் பங்குக்கு முழுவதும் நனைந்து தீரும்வரை கீழே உள்ள சல்லிக்குத் தண்ணீரை விடாது. அடியில் நிற்க வேண்டிய ஈர அடுக்கு சல்லியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த இடமும் போயிற்று. ஓட்டை வழியாக மண் போகாமலிருக்க ஓர் ஓட்டுத்துண்டை வளைவாகக் கவிழ்த்து வையுங்கள், அதோடு நிறுத்துங்கள். வடிய வேண்டுமென்றால் மண்ணைப் பருபருவென்று கலக்குங்கள், அல்லது தொட்டியை உயரமாக்குங்கள்.

இதுவரை உயரத்தைப் பற்றிச் சொன்னேன். சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் சுவர் வழியாக ஈரம் கசிந்து, வெளியே ஆவியாகி, போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சித்திரை வெயிலில் நம் தொண்டைக்குக் கிடைக்கும் அந்தச் சுகம் மண்தொட்டியில் இருக்கும் வேருக்கும் கிடைக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் அது கிடைக்காது. அதற்காக பிளாஸ்டிக்கை வையப் போவதில்லை. மாடி தாங்கும் எடையைக் கணக்குப் போட்டால் பல வீடுகளுக்கு அதுதான் சரி. ஆனால் மண்சுவர் காயவைக்கும், பிளாஸ்டிக் காயவிடாது என்று தெரிந்து வாங்குங்கள்.

நடுவே ஒரு சின்னச் செய்தி. போர்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டி கெட்டுவிட்டது என்று சிலர் தூக்கி எறிகிறார்கள். தண்ணீரிலும் உரத்திலும் இருந்த உப்புதான் சுவர் வழியாக வெளியே வந்து படிகிறது. வேரைச் சுற்றி நிற்க வேண்டிய உப்பில் ஒரு பங்கைத் தொட்டி தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மாற்றி நடும்போது ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

வேர் கேட்பது இப்போது தெரிந்துவிட்டது. ஆழம் கேட்கிறது, காற்று கேட்கிறது, சுவர் கேட்கிறது. இதையெல்லாம் கணக்காகக் கொடுக்க நமக்கு என்ன வேண்டும்? சக்கரம் வேண்டுமா? மின்மோட்டார் வேண்டுமா? பரம்பரைத் தொழில் வேண்டுமா?

வேண்டாம் நண்பர்களே! சக்கரத்தில் ஏறாத மண்கலங்கள் உலகத்தில் ஏராளம். ஜப்பானில் நகோயா நகருக்குத் தெற்கே கடலோரமாகத் தோகோனாமே என்று ஓர் ஊர் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலேயே அங்கே பெரிய பெரிய ஜாடிகள் செய்தார்கள். எப்படித் தெரியுமா? கை பருமனுக்கு உருட்டிய மண்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜாடியைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்தபடியே, சுற்றுச் சுற்றாக அழுத்தி ஏற்றிக்கொண்டு போவார்கள். ஜாடி அசையாது, மனிதர் சுற்றுவார்.

அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போவோம். நைஜீரியாவில் லாடி குவாலி என்ற அம்மையார் இருந்தார். குழந்தையாக இருந்தபோதே அத்தையிடம் பானை செய்யக் கற்றவர். மண்திரியைச் சுற்றி ஏற்றி, பானையைச் சுற்றி நடந்து நடந்தே, உடல் பருத்துக் கழுத்து குறுகிய தண்ணீர்ப் பானைகளை உருவாக்கியவர். மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயக் குயவர் 1950களில் நடத்திய பயிற்சி மையத்தில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார். இன்றைக்கு நைஜீரியாவின் 20 நைரா நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பானையும் கையுமாக அவர் இருக்கிறார். ஒரு நாட்டின் பணத்தாளில் ஒரு குயத்தி! நம் ரூபாய் நோட்டில் எப்போது வருவார் என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, அது வேறு மேடை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் மணிப்பூரின் ஆண்ட்ரோ ஊரில் இன்றும் பெண்கள்தான் வனைகிறார்கள். சக்கரம் இல்லாமல்தான் வனைகிறார்கள்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? புதுக்கோட்டை, சிவகங்கைச் சாலைகளில் போகும்போது அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்திருக்கிறீர்கள். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் அந்தக் குதிரையை எந்தச் சக்கரத்தில் சுற்ற முடியும்? குயவரான வேளார் அதைக் கையால்தான் எழுப்புகிறார். களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதிக்கிறார். முதலில் உள்ளே கூடான நான்கு கால்கள். அவை மேல்சுமையைத் தாங்கும் பதத்துக்குக் காயும்வரை காத்திருக்கிறார். பிறகு வயிறு. மறுபடி காத்திருக்கிறார். பிறகு கழுத்து, முகம், கழுத்தில் மணிமாலை. எழுப்புகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் அதிகம். அவசரப்பட்டால் குதிரை முழங்காலில் உட்கார்ந்துவிடும்.

அந்த உமியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏன் போடுகிறார்? ஈரமண் காயும்போது சுருங்கி வெடிக்காமலிருக்க அது உதவுகிறது. சூளையில் உமி எரிந்துபோய்விடுகிறது. எரிந்த இடம் காலியாக, நுண்ணிய துளையாக நின்றுவிடுகிறது. அந்தத் துளைகள் வழியாகத்தான் சுவர் மூச்சு விடும். குதிரைக்கு மூச்சு தேவையில்லை. உங்கள் கள்ளிச்செடிக்குத் தேவை. குதிரை செய்கிற மண்ணைக் கள்ளித்தொட்டிக்குக் கேட்டு வாங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

செடிக்காகவே கையால் வனைந்து பேர் வாங்கிய ஊரும் உண்டு. இத்தாலியில், புளோரன்ஸுக்குத் தெற்கே, இம்ப்ருனேத்தா. அங்கே எலுமிச்சைத் தொட்டி என்றே ஒரு வகை. இடுப்பளவு உயரம், தடித்த விளிம்பு, வயிற்றில் பூமாலைத் தோரணம். மண்திரியைச் சுற்றி ஏற்றும் முறையும் அச்சில் மண்ணை அழுத்தும் முறையும் இரண்டும் அங்கே இருக்கின்றன. எலுமிச்சை வெயில் நாட்டு மரம். அந்தத் தஸ்கனிப் பகுதியின் பனிக்காலம் அதற்கு ஆகாது. அதனால் மெதிச்சி குடும்பத்துப் பிரபுக்களின் தோட்டங்களில் எலுமிச்சையைத் தரையில் நடாமல் தொட்டியில் வளர்த்தார்கள். கோடையில் தோட்டத்தில் வரிசையாக நிற்கும். குளிர் வந்தால் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் எலுமிச்சைக்கென்றே கட்டிய மண்டபத்தில் வைப்பார்கள். ஏன் விளிம்பு தடிமனாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? அழகுக்கு மட்டுமில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை தூக்கி இறக்குகிற பாண்டத்துக்கு விளிம்புதானே பிடி!

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருகும். ஈரம் குடித்த மண்தொட்டி பனியில் கிடந்தால் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து சுவரைப் பிளக்கும். இரும்பும் சுண்ணாம்பும் கலந்த இம்ப்ருனேத்தா மண் பனியைத் தாங்கும் என்று பேர் வாங்கியது. நமக்குப் பனிக் கவலை கிடையாது, ஊட்டி, கொடைக்கானல்காரர்களைத் தவிர. நம் கவலை வெயில். ஆகவே அவர்களுடைய தொட்டியை அப்படியே பார்த்துச் செய்ய வேண்டாம். அவர்கள் தங்கள் செடியைக் கேட்டுத் தொட்டி செய்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தோகோனாமே ஊருக்குத் திரும்புகிறேன். காரணம் இருக்கிறது. இன்று அந்த ஊரை உலகம் அறிந்திருப்பதற்குப் பொன்சாய்த் தொட்டிகளும் ஒரு காரணம். பொன்சாய்க்காரர்களைப் போல வேரையும் தொட்டியையும் சேர்த்து யோசித்தவர்கள் வேறு யாரும் இல்லை. அவர்கள் வழக்கம் என்ன? தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தொட்டியின் ஆழம் அடிமரத்தின் பருமன் அளவு. பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களுக்குக் கண்ணாடி போன்ற மெருகு பூசாத பழுப்புத் தொட்டி; பூப்பவைக்கும் காய்ப்பவைக்கும் மெருகு பூசிய தொட்டி. உள்பக்கம் எப்போதும் மெருகில்லாமல்தான். அடியில் கால்கள், பெரிய வடிகால் ஓட்டைகள், மரம் சாயாமலிருக்கக் கம்பி கட்டச் சின்னத் துளைகள்.

'அவ்வளவு தட்டைத் தொட்டியில் வேர் அழுகாதா? கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தானே வேறு மாதிரிச் சொன்னீர்கள்?' என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். அவர்கள் தோட்ட மண்ணையே போடுவதில்லை. பரல் பரலாக இருக்கும் களிமண், எரிமலைக் கல் இவற்றைச் சலித்து, தூசியை நீக்கிப் போடுகிறார்கள். பரல் பெரிதானால் ஈர அடுக்கின் உயரம் குறையும். தொட்டியில் விட்டதை மண்ணில் பிடித்துவிட்டார்கள்.

தொட்டி என்பது செடிக்குச் சிறைதானே என்று மனம் கனிந்து கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு மரத்தைக் காட்டுவேன். 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்படும் ஜப்பானிய வெண்பைன் அது. ஹிரோஷிமாவில் யாமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் இருந்தது, பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. இப்போது வாஷிங்டனில் தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. குண்டுக்குத் தப்பிய செய்தி அங்கே இருந்தவர்களுக்கே 2001இல்தான் தெரியவந்தது. அந்தக் குடும்பத்தார் கொடுக்கும்போது வாய்திறக்கவில்லை. நான்கு நூற்றாண்டாக ஒரு பைன் தொட்டியில் எப்படி உயிரோடு இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தொட்டியிலிருந்து எடுக்கிறார்கள். பழைய வேரைக் கத்தரிக்கிறார்கள். புது மண் இடுகிறார்கள். வேருக்குக் காவலிருக்க ஆள் இருந்தால் தொட்டி சிறையாகாது.

அதனால்தான் வாய் குறுகிய பானையில் செடி வைக்காதீர்கள் என்று மன்றாடுகிறேன். பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிறு முழுக்க வேர் பரவிய பிறகு எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? ஒன்று பானையை உடைக்க வேண்டும், இல்லை வேரை அறுக்க வேண்டும். வாய் அகன்று, அடி சற்றே குறுகிய வடிவம் வையுங்கள். கவிழ்த்துத் தட்டினால் வேர்க்கட்டி முழுசாக இறங்கி வர வேண்டும்.

நம் முளைப்பாரியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மதுரை, இராமநாதபுரம் பக்கத்துத் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டையான மண் ஓட்டில் வைக்கோல், மண், எரு போட்டு, பயறுகளை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வளர்க்கிறோம். வெளிச்சம் தேடி முளை நெட்டையாக, வெளிர் மஞ்சளாக ஓங்கி வளர்கிறது. அதற்கு ஏன் உயரமான பானை வைப்பதில்லை? அந்தப் பயிருக்கு ஆயுளே பத்து நாள்தான். ஆழமான வேர் விட நேரமும் இல்லை, தேவையும் இல்லை. தலையில் சுமக்கவும் கனம் குறைவாக இருக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லாமலே நம் பாட்டிமார்கள் வேரைக் கேட்டுக் கலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்!

வேர் உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. சுடுமண் பானையைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வைத்து, சுற்றிலும் செடி நடும் குடப் பாசனம் உங்களில் சிலருக்குப் பழக்கம். சீனாவில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண்மை நூல் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லியிருக்கிறது. மண் காயக் காயப் பானைச் சுவர் கசிகிறது; மண் நனைந்தால் கசிவு குறைகிறது. கொஞ்ச நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் பானையை வேர்கள் வலைபோட்டுச் சுற்றியிருக்கும். செடி பானைக்குள் போகவில்லை. பானையைத் தேடி வேர் வந்திருக்கிறது. பெயின்ட் அடித்த பானையை மட்டும் புதைத்துவிடாதீர்கள். ஒரு சொட்டும் வெளியே வராது.

இனி செய்முறைக்கு வருவோம். கையில் களிமண்ணை எடுக்கிறோம். முதலில் செய்வது என்ன? மண்ணைத் தொடுவதா? இல்லை. அளப்பது. செடியின் வேர்க்கட்டி எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று அளந்து, சுற்றிலும் இரண்டு விரல் இடம் சேர்த்து, அதற்கும் மேலே பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். ஏனென்றால் களிமண் காய்ந்தும் வெந்தும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து நூற்றுக்கு 6 முதல் 12 வரை. வடிகால் ஓட்டையும் சேர்ந்து சுருங்கும் என்பதை மறக்காதீர்கள். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை வேண்டுமென்றால் ஆள்காட்டி விரல் நுழைகிற மாதிரி போடுங்கள்.

சின்னத் தொட்டிக்கு ஆரஞ்சுப் பழ அளவில் ஓர் உருண்டை போதும். இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவே இறக்குங்கள். அடியில் ஒரு விரல்கடை மண் மிச்சமிருக்கும்போது நிறுத்துங்கள். பிறகு கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. அழுத்து, கொஞ்சம் திருப்பு. அழுத்து, கொஞ்சம் திருப்பு. அடியிலிருந்து மேலே வாருங்கள். விளிம்பை முதலில் மெலிதாக்கினால் அது காய்ந்து வெடிக்கும். விளிம்பைக் கடைசிவரை தடிமனாகவே விட்டுவையுங்கள். வெடிப்பு தெரிந்தால் தண்ணீரைத் தடவித் தடவிச் சேறாக்காதீர்கள். ஈரவிரலால் ஒரே ஒரு தடவை நீவுங்கள், போதும்.

பெரிய தொட்டிக்கு மண்ணை அப்பளம்போலத் தட்டி அடி செய்துகொண்டு, மேலே திரியைச் சுற்றுங்கள். ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, மண்குழம்பைத் தடவி, அழுத்தி, உள்பக்கம் ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு மண்ணை இழுத்துத் தேய்த்துவிடுங்கள். வெளிப்பக்கம் திரியின் வளையங்கள் தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டால் விட்டுவிடலாம். உள்பக்கம் விடக்கூடாது. அந்த இணைப்பில்தான் தொட்டி பிளக்கும். ஒரே மூச்சில் முழு உயரத்தையும் ஏற்றாதீர்கள். குதிரைக்கால் ஞாபகமிருக்கட்டும்.

நகம் பதியும், ஆனால் கையில் ஒட்டாது என்ற பதம் வரும்போது ஓட்டை போடுங்கள், கால் ஒட்டுங்கள். கால் அவசியமா? அவசியம். தரையோடு ஒட்டி உட்கார்ந்த தொட்டியின் ஓட்டை தரையாலேயே அடைபட்டுப் போகும். மூன்று கால் வைத்தால் மேடு பள்ளமான மொட்டை மாடியிலும் ஆடாமல் நிற்கும். பிறகு காயவிடுவது. இங்கேதான் ஆர்வக்கோளாறு வேலையைக் கெடுக்கும். வெயிலில் வைத்தால் விளிம்பு முந்திக் காயும், அடி ஈரமாகவே இருக்கும்; ஒன்று சுருங்க மற்றது சுருங்காமல் நிற்க, நடுவே விரிசல் ஓடும். நிழலில், செய்தித்தாள் போர்த்தி, ஒரு வாரமாவது விடுங்கள். இடையில் கவிழ்த்து வையுங்கள்.

சுடாத தொட்டி தொட்டியல்ல. தண்ணீர் பட்டதும் மறுபடி களிமண்தான். சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மண் தன் பழைய குணத்துக்குத் திரும்பாது. நல்ல செம்மண்தொட்டிக்கு 900 முதல் 1,000 வரை வேண்டும். ஊறுகாய் ஜாடியைப் போன்ற ஸ்டோன்வேருக்கு 1,200க்கு மேல். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி அந்த உயர்வெப்ப வேலையை நம் கரைக்குக் கொண்டுவந்து, ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது. ஆனால் நம் துளசிக்கும் கற்றாழைக்கும் அவ்வளவு சூடு வேண்டாம். பக்கத்து ஊர் வேளாரின் சூளை போதும். அவரிடம் போகும்போது ஒன்று சொல்கிறேன். முழுக்கக் காய்ந்ததா என்று அவர் உங்கள் தொட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் மிச்சம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வருத்தப்படாதீர்கள். அந்த ஈரம் சூளையில் ஆவியாகும்போது உங்கள் தொட்டி வெடிப்பதோடு நிற்காது. பக்கத்தில் இருக்கும் அவருடைய பானைகளையும் உடைக்கும். அப்புறம், கூலியில் பேரம் பேசாதீர்கள்.

எந்தச் செடிக்கு எந்தத் தொட்டி? சோற்றுக்கற்றாழை, கள்ளி இவற்றுக்கு உமி கலந்த மெருகில்லாத சுவர், பரல் மண். பெரணிக்கு நேர் எதிர்: ஈரம் விடாத, மெருகு பூசிய அல்லது உயர்வெப்பத்தில் சுட்ட சுவர். மண்தொட்டியில் வைத்தால் நாளுக்கு இரண்டு தடவை ஊற்ற வேண்டியிருக்கும். கறிவேப்பிலைக்கும் வெட்டிவேருக்கும் ஆழம். ஒரு முழத்துக்குக் குறையக் கூடாது. பாலைரோஜாவுக்கு அகலம், ஆழமில்லை. அதன் அடித்தண்டு பருத்துக்கொண்டே போகும், நெருக்கமான தொட்டியைப் பிளந்துவிடும். ஆகவே இடம்விட்டு வனையுங்கள். தாமரைக்கு மட்டும் ஓட்டையே வேண்டாம், மூலையும் வேண்டாம். சதுரத் தொட்டியில் வைத்தால் கிழங்கு மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். கீரையும் புதினாவும் வளர்க்கிறவர்கள், என்ன மெருகு என்று தெரியாத பழைய வண்ணத் தொட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். சில மெருகுகளில் ஈயம் இருக்கும்.

நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லையே என்று ஒரு தங்கை முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. சொல்கிறேன் அம்மா. உயரம், சுவர், வாய், கால் நான்கும் வேருக்குச் சரியாக அமைந்த பிறகு, நிறம் உங்கள் இஷ்டம். எனக்குப் பிடித்தது சுட்ட மண்ணின் சொந்தச் சிவப்பு. பச்சை இலைக்கு அதைவிடப் பொருத்தமான நிறத்தை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு நீலம் பிடித்தால் நீலம் பூசுங்கள்.

பேச்சு போதும். பின்னால் உள்ள மேசைகளில் மண்ணை மிதித்து, கல் பொறுக்கி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் உருண்டை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். கொண்டுவந்த செடியைக் கவரிலிருந்து மெல்ல உருவி, வேர்க்கட்டியை அளந்து எழுதிக்கொண்ட பிறகுதான் மண்ணில் கை வைக்க வேண்டும். அளவு நாடா இரண்டாவது மேசையில் இருக்கிறது. செய்து முடித்ததும் தொட்டியின் அடியில் குச்சியால் உங்கள் பெயரைக் கீறிவிடுங்கள். சூளையிலிருந்து வரும்போது எல்லாம் ஒரே சிவப்பாக இருக்கும். எது யாருடையது என்று அப்புறம் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடக் கூடாது. வாருங்கள்.